எந்த எம்.எம்.சி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய சென்னை பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். சபையர், ஜெமினி ஸ்டுடியோ, டிரைவ்-இன் உட்லண்ட்ஸ், சாந்தி தியேட்டர் எல்லாம் அதில் இருந்தன. படங்களும் நன்றாக இருந்தன. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட்டுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: 1985-ல் தீயில் எரிந்தது. தொடர்ச்சி இருக்குமோ என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் சமையல் குறிப்பு.

நான் முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். இருக்கிற எழுத்தில் பிழை பிடிப்பது சுலபம், விட்டுப்போன வரியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது சென்ட்ரலுக்கு வடக்கே இருக்கிற மொத்த ஊரும். மவுண்ட் ரோட்டில் சினிமா பார்த்தவர்கள் மட்டும்தான் இந்த ஊரில் வாழ்ந்தார்களா? அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்டுவது உங்கள் உரிமை. ஆனால் மறுபடியும் ஒரு வரிக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

எழுத வைத்தது உங்கள் கட்டுரை மட்டும் இல்லை. நான் இப்போது அம்பத்தூரில் இருக்கிறேன். மாதம் ஒரு தரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக மின்சார ரயிலில் சென்ட்ரல் வருவேன். போன மாதம் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று கேட்டாள்: "ஆன்ட்டி, இந்த ட்ரெயின் எம்.எம்.சி. போகும்னு போட்ருக்கு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்தானே அது? அப்போ காலேஜ் வாசல்லயே நிக்குமா?"

"இல்லம்மா. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்" என்றேன்.

"மோர் மார்க்கெட்டா? மோர் விப்பாங்களா?"

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் ஆவடியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பெயருக்கு வந்து இறங்குகிறார்கள். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் வழக்கம்போல வண்டி நின்றது. உள்ளே இடம் கிடைக்கிற வரைக்கும் நிற்கும், அந்த வழியில் வருகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிஷத்தில் அவளிடம் நான் சொன்னது பாதி. மீதியையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

மூர் என்பது ஒரு ஆள். சர் ஜார்ஜ் மூர், அப்போது சென்னை மாநகராட்சியின் தலைவர். பிராட்வேயில் போபாம் மார்க்கெட் என்று ஒன்று இருந்து, நெரிசலும் நாற்றமும் தாங்காமல், புதிதாக ஒன்று கட்ட 1898-ல் அவர் அடிக்கல் நாட்டினார். 1900-ல் திறந்தார்கள். சிவப்புச் செங்கல், வரிசையாக வளைவுகள், அதற்குள் நடை, நடையை ஒட்டிக் கடைகள், நடுவில் திறந்த முற்றம். முதலில் கறி, மீன், காய்கறி, பூ விற்கத்தான் கட்டினார்களாம். என் காலத்தில் அங்கே கிடைக்காதது என்று ஒன்று இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், எதுவும் தோன்றவில்லை.

என் அப்பா பி அண்ட் சி மில்லில் (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி ஆலை) நெசவுப் பகுதியில் வேலை பார்த்தார். வீடு பட்டாளத்தில். எங்கள் பக்கத்தில் கடிகாரம் வைத்திருந்த வீடுகள் குறைவு. மில் சங்குதான் கணக்கு. முதல் சங்குக்கு அப்பா பல் துலக்குவார், அடுத்த சங்குக்கு அம்மா தூக்குச்சட்டியை மூடுவார். ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது. அன்றைக்குத்தான் மூர் மார்க்கெட். பஸ்ஸுக்குக் காசு கொடுக்க அப்பாவுக்கு மனசு வராது. சூளை வழியாக நடை. சைடனாம்ஸ் ரோட்டுக்கு வந்ததும் என் கால் வலிக்க ஆரம்பிக்கும். (ராஜா முத்தையா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் வாயில் இன்னும் சைடனாம்ஸ்தான் வருகிறது.) என் கால்வலியை மறக்கடிக்க அப்பா கையில் இரண்டு சரக்கு வைத்திருப்பார்.

ஒன்று கிரிக்கெட். அங்கே கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. இப்போது நேரு விளையாட்டரங்கம் இருக்கிற அதே இடம், 1993-ல் புதிதாகக் கட்டியதற்கு முன்னால் இருந்தது. சேப்பாக்கத்தில் விளையாடாமல் டெஸ்ட் மேட்சை இங்கே நடத்திய பத்து வருஷம் உண்டு என்று சொன்னால் என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான். 1956 ஜனவரியில் நியூசிலாந்தோடு ஆடியபோது வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்தச் சாதனையை முறியடிக்க உலகத்துக்கு 52 வருஷம் ஆயிற்று. என் மாமா அந்த மேட்சுக்குப் போனவர், அதாவது போனதாகச் சொல்லிக்கொண்டவர். டிக்கெட் வாங்கி உள்ளே போனாரா, வெளியே நின்று சத்தத்தை வைத்தே ரன் எண்ணினாரா என்பதில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கதை சொல்வார். எப்படியும் அந்த 413 எங்கள் வீட்டுச் சொத்து. எனக்கு அப்போது ஒரு வயசு.

இன்னொன்று உயிர் காலேஜ்.

இந்தச் சொல்லை உங்கள் இளம் நிருபர்கள் கேள்விப்பட்டிருப்பார்களா தெரியவில்லை. எங்கள் ஊரில் இரண்டு காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். பெரிய சிவப்புக் கட்டடம் எதுவாக இருந்தாலும் காலேஜ்தான் என்று என் ஆயா நினைத்திருந்தார். செத்ததைப் பாடம் பண்ணி வைத்திருந்தால் செத்த காலேஜ், உறுமிக்கொண்டிருந்தால் உயிர் காலேஜ். வேடிக்கை என்னவென்றால் முதலில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. 1855-ல் மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பால்ஃபர் அந்த வளாகத்திலேயே மிருகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். அப்புறம்தான் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தன. பீப்பிள்ஸ் பார்க் என்பது கவர்னர் டிரவெல்யன் காலத்தில் உண்டாக்கிய பூங்கா. நூறு ஏக்கருக்கு மேல், உள்ளே குளங்கள். ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், ஸ்டேடியம், உயிர் காலேஜ், மூர் மார்க்கெட் எல்லாமே அந்தப் பூங்காவைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக் கட்டியவைதான். நாம் நினைத்து ஏங்குகிற மார்க்கெட்டே இன்னொன்றைத் தின்றுதான் வளர்ந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

உயிர் காலேஜில் சிங்கம் உறுமினால் மார்க்கெட் முற்றம் வரைக்கும் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். கடைக்காரர்கள் விலை சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

மூர் மார்க்கெட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வெளியே ஒரு தேர்வு உண்டு, மோடி வித்தைக்காரன். தரையில் ஒரு துணி, ஒரு மூங்கில் கூடை, கயிற்றில் கட்டிய கீரி. "இப்போ பாம்புக்கும் கீரிக்கும் சண்டை வுடப் போறேன்" என்று ஆரம்பிப்பான். "யாரும் கைய கட்டாத. கட்டுனா ரத்தம் கக்குவ." கட்டியிருந்த கைகள் எல்லாம் சட்டென்று கீழே இறங்கும். அப்புறம் ஒரு மணி நேரம் பேசுவான், கொல்லிமலை மூலிகையிலிருந்து அவனுடைய குருநாதர் வரைக்கும். கூடையின் மூடியை ஒரு விரல் அளவு தூக்குவான், மூடுவான். கடைசியில் தாயத்தோ பல்பொடியோ விற்பான். சண்டையை நான் பார்த்ததே இல்லை. என் அப்பா பார்த்ததில்லை. மெட்ராஸில் யாருமே பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அந்தக் கீரி அந்த வயதுக்கு நல்ல உடம்போடு இருந்தது.

உள்ளே போனால் ஒரு பக்கம் லவ் பேர்ட்ஸ், வெள்ளை எலி, தொட்டியில் மீன். இன்னொரு பக்கம் கிராமபோன் தட்டு, மூன்று கால் நாற்காலி, மிலிட்டரி பூட்ஸ், கொத்துக் கொத்தாகச் சாவி. பூட்டு இல்லாத சாவியை யார் வாங்குவார்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "சாவி இல்லாத பூட்டு வச்சிருக்கறவன்" என்றார். வீட்டில் எது காணாமல் போனாலும் அங்கே போய்த் தேடு என்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர் தன் சைக்கிள் டைனமோவையே அங்கே திரும்பக் காசு கொடுத்து வாங்கி வந்தார். தன்னுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கீறல் தெரியும் என்றார். பிறகு ஏன் காசு கொடுத்தாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

பேரத்துக்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். வேண்டிய பொருளை முதலில் தொடவே கூடாது. வேண்டாத ஒன்றை எடுத்து, தட்டிப் பார்த்து, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி வைக்க வேண்டும். "சரி, அது கிடக்கட்டும், இது என்னா விலை?" என்று வேண்டியதைப் போகிற போக்கில் கேட்க வேண்டும். சொன்ன விலையில் கால் வாசியில் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கேட்ட விலைக்கு அவர்கள் கொடுத்துவிட்டால் வாங்கியே ஆக வேண்டும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தவர்கள் காதில் விழுந்த வசவுகளை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. எழுதினால் நீங்கள் வெட்டிவிடுவீர்கள்.

1966. நான் ஆறாம் வகுப்பு. தமிழ் அகராதி ஒன்று வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். புத்தகக் கடைகள் இருந்த பக்கம் போனோம். புத்தகத்தை அலமாரியில் அடுக்கியிருக்க மாட்டார்கள், சுவர் எழுப்புகிற மாதிரி அடுக்கியிருப்பார்கள். நமக்கு வேண்டியது எப்போதும் அடி வரிசையில்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் மெடிக்கல் காலேஜ் மாணவர்கள் இரண்டு பேர் தலையணை அளவு உடற்கூறு புத்தகத்துக்கு மன்றாடிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் அந்தப் பெண்ணிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்: அந்த எம்.எம்.சி.யில் படித்தவர்கள் பாதிப் பேர் இந்த எம்.எம்.சி.யில்தான் புத்தகம் வாங்கினார்கள், படிப்பு முடிந்ததும் இங்கேயே கொண்டுவந்து விற்றார்கள்.

புத்தகக்கார பாய் ஒரு அகராதியை உருவினார். காலிகோ அட்டை, முதுகு பிய்ந்திருந்தது. ஐந்து ரூபாய் என்றார். அப்பா ஒன்றே கால் என்றார். பாய் புத்தகத்தை மறுபடியும் சுவரில் செருகினார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். நாலு கடை தாண்டியதும் கூப்பிட்டார்கள். ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. காசு கொடுத்த பிறகுதான் அப்பா கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். 'வே'யோடு நின்றிருந்தது. அதற்கு மேல் கிழிந்துபோயிருந்தது.

"இன்னா பாய் இது, கடைசில பக்கம் இல்லியே?"

"அட இன்னா அண்ணாத்தே நீ. பொண்ணு இப்பத்தான் 'அ'னால கீது. அங்க போயி சேர்றதுக்கே பத்து வருசம் ஆவும்."

அப்பாவால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருஷத்தில் நான் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், பாய் கணக்கில் ஒரு வருஷம்தான் தப்பு. அந்த அகராதியை வைத்துத்தான் புரூஃப் பார்த்தேன். வையம், வைகறை, வௌவால் இந்த மாதிரிச் சொல் வந்தால் மட்டும் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பேன். புது அகராதி வாங்கிக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கவில்லை. வேலை பார்க்கும் இடமும் மார்க்கெட்டுக்குப் பக்கம்தான் என்பதால் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பாய் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "'வை' வந்துச்சா?"

1985 மே 30, வியாழக்கிழமை. தீயைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ரயில்வேக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு முன்பே இருந்தது, கடைக்காரர்கள் கிளம்ப மறுத்தார்கள், அப்புறம் தீ. எப்படிப் பிடித்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. அதில் என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க விரும்பவில்லை.

சனிக்கிழமை போனேன். சுவர்களும் வளைவுகளும் நின்றன, கூரை இல்லை. தண்ணீர் அடித்து இரண்டு நாள் ஆகியும் கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று கரி. பறவைக் கடைகள் இருந்த பக்கம் நான் போகவில்லை. புத்தகம் எரிந்தால் முழுசாக எரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று போகாமல் இறுக்கி அடுக்கியிருந்ததால் ஓரம் மட்டும் கருகி, நடுவில் எழுத்து அப்படியே இருக்கும். ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு நாவலின் பக்கம். இரண்டாவது வரியில் 'பறந்த மனம்' என்று இருந்தது. 'பரந்த' என்று இருக்க வேண்டும். கை தானாக இடுப்பில் பேனாவைத் தேடியது. எரிந்துபோன புத்தகத்தில் பிழை பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாய் எதிர் நடைபாதையில் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, டிக்சனரி பத்தரமா கீதா?" என்றார். இருக்கிறது என்றேன். "வச்சிக்கோ" என்றார்.

அடுத்த இரண்டு மாதத்துக்குள் உயிர் காலேஜும் போய்விட்டது. 1985 ஜூலை 24-ல் வண்டலூரைத் திறந்தார்கள். மிருகங்களுக்கு அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. அந்தச் சின்னக் கூண்டுகளைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒரே கோடையில் அந்த மூலையிலிருந்து சிங்கமும் போய், சாவிக்கொத்தும் போய், பாம்பாட்டியும் போய்விட்டான். கடைக்காரர்களுக்கு அல்லிக்குளத்தில் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். பெயருக்கு ஏற்றபடி அதுவும் பழைய பூங்காவின் ஒரு குளம்தான். பாய் அங்கே சில வருஷம் கடை வைத்திருந்தார். நான் போவேன். ஆனால் மாடி வளாகத்தில் வழி தவறி வருகிறவன் இருக்க மாட்டான். மூர் மார்க்கெட் பிழைத்ததே ஊருக்கு ரயில் ஏற வந்து, நேரம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்தவர்களால்தான். இப்போது அல்லிக்குளம் என்றால் பாதிப் பேருக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வருகிறது. வாய்தாவுக்கு வந்தவன் கிராமபோன் தட்டு வாங்குவானா?

மற்றதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. அதே வருஷம் எங்கள் மில்லும் மூடியது. 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது எங்கள் மில் தொழிலாளர்களை வைத்துத்தான். நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அப்பா மார்தட்டுவார். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். சங்கு நின்ற பிறகு கொஞ்ச நாள் பட்டாளத்துக் கிழவர்கள் எல்லாம் மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மத்திய சிறையைக் கூட உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. சென்ட்ரலுக்கு எதிரே 1837-லிருந்து இருந்தது. கைதிகளை 2006-ல் புழலுக்கு மாற்றினார்கள். இடிப்பதற்கு முன் 2009-ல் சில நாள் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நானும் என் ஓர்ப்படியும் போனோம். வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை! சுபாஷ் சந்திர போஸ் 1932-ல் அடைபட்டிருந்த சிறை என்று சொல்லி ஒரு அப்பா தன் பையனைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். என் ஓர்ப்படி ஒரு கொட்டடிக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, அரை நிமிஷத்தில் திற திற என்று கத்தினாள். இடிக்கப் போகிறோம் என்று சொன்னால்தான் நம் ஜனம் ஒரு இடத்தைப் பார்க்க வருகிறது. மூர் மார்க்கெட்டுக்கு அந்த முன்னறிவிப்பு கூடக் கிடைக்கவில்லை. சிறை இருந்த இடம் எதற்குப் போயிற்று தெரியுமா? மெடிக்கல் காலேஜுக்கு. ஆக, இந்தப் பக்கம் ஒரு எம்.எம்.சி., அந்தப் பக்கம் ஒரு எம்.எம்.சி. ரயிலில் அந்தப் பெண் குழம்பியதில் தப்பே இல்லை.

இதில் ரிப்பன் மாளிகைக்கு மட்டும் அதிர்ஷ்டம், 1913-லிருந்து வெள்ளையாக நிற்கிறது. அதையும் என் பேரன் தலையில் கட்டுகிற ரிப்பன் என்றுதான் நினைத்திருந்தான். வைஸ்ராய் பெயர் என்று சொன்னேன். 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று அந்தக் காலத்தில் கொண்டாடினார்கள் என்றேன். "யாரோட அப்பன்?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வேயின் பல மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் முன்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கடைசியாகப் பார்த்தபோது சுற்றிலும் மோட்டார் சைக்கிள்கள், அதில் ஒன்றின் ஹெல்மெட் மார்க்கெட்டின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கச் சொன்னேன். அந்தப் பையன், "என்னம்மா, கோயிலா?" என்று பயந்து எடுத்தான். இல்லை, மார்க்கெட் என்றேன். உடனே மறுபடியும் வைத்துவிட்டான்.

அந்த மாதிரியை நடைமேடைக்குப் போகிற வழியில், கூட்டம் டிக்கெட் எடுக்கிற இடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். பக்கத்தில் நாலு வரியில் ஒரு பலகை: எம் என்றால் மூர், யார் அவர், எம் என்றால் மார்க்கெட், எப்போது இருந்தது, என்ன விற்றார்கள். சி என்றால் காம்ப்ளெக்ஸ், அதற்கு விளக்கம் தேவையில்லை. செலவு அதிகம் ஆகாது. பலகைக்குப் புரூஃப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன். அரசுப் பலகைகளில் இருக்கிற பிழைகளைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம், வடக்கே ஒரு நிருபரை அனுப்புங்கள். மில்லில் வேலை பார்த்தவர்கள், சாவடியில் மூட்டை தூக்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காலையில் போனால் டீக்கடையில் பார்க்கலாம். சீக்கிரம் எழுந்துவிடுவார்கள்.

இத்துடன் என் அகராதியின் கடைசிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கீழ் மூலையில் பாய் கடையின் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது. கடை எண் அழிந்துவிட்டது. 'மூர் மார்க்கெட், மதராஸ்-3' என்பது மட்டும் படிக்க முடிகிறது. அசலை அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் போட்டோ எடுப்பவரை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், காபி தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர்,
அம்பத்தூர்.

பி.கு.: உங்கள் கட்டுரையில் மூன்றாம் பத்தியில் 'கட்டிடம்', ஐந்தாம் பத்தியில் 'கட்டடம்', கடைசியில் மறுபடியும் 'கட்டிடம்' என்று வந்திருக்கிறது. எங்கள் அச்சக ஃபோர்மேன் இதற்காக எத்தனையோ காலிகளை, அதாவது பக்கம் பிரிக்காத புரூஃப் தாள்களை, திருப்பி அனுப்பியிருக்கிறார். கட்டி முடித்து நிற்பது கட்டடம். கட்டுகிற இடம் கட்டிடம்.